கட்டி எங்க முடியுது? - ஒளிரும் சாயமும் எங்க சித்தப்பாவும்

போன வாரம் இங்க ஹைதராபாத்ல நம்மாளுங்க வாட்ஸப் குழுவுல ஒரு வீடியோ சுத்திட்டு இருந்துச்சு. ஆபரேஷன் தியேட்டர்ல விளக்கை எல்லாம் அணைச்சுட்டு, மைக்ரோஸ்கோப்புல இருந்து நீல வெளிச்சம் அடிக்கறாங்க. மூளைக்குள்ள ஒரு இடம் மட்டும் ஊதின தணல் மாதிரி சிவப்பா ஒளிருது. கீழ "ஒரு டம்ளர் மருந்து குடிச்சா போதும், கேன்சர் தன்னைத்தானே காட்டிக் குடுத்துடும்"னு ஒரு வரி. அனுப்பின அண்ணாச்சி சும்மா இருக்காம, "நீங்கதான் சாயக் கம்பெனில வேலை பாக்கறீங்களே, இது நிஜமா?"ன்னு என்னையும் இழுத்து விட்டுட்டார்.

வீடியோ நிஜம்தான். கீழ எழுதியிருந்த வரியில பாதி நிஜம். மீதிப் பாதி எவ்வளவு பெரிய விஷயம்ங்கறதை 2022ல எங்க வீட்டுல பாத்தாச்சு. அதனால குழுவுல ரெண்டு வரியில பதில் போட மனசு வரல. இங்க எழுதறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

நான் துணிக்குச் சாயம் செய்யற ஆள் இல்லை. மருந்து ஆராய்ச்சிக்காக ஒளிரும் மூலக்கூறுகளைச் செஞ்சு குடுக்கற வேலை. எங்க லேப்ல இதுக்குப் பேரு புரோப். உளவாளின்னு வெச்சுக்கோங்களேன். உடம்புக்குள்ள போய், தேடற ஆளைக் கண்டுபிடிச்சு, அவன் பக்கத்துல நின்னு டார்ச் அடிக்கணும். அவ்வளவுதான் வேலை. கேக்கறதுக்கு எவ்வளவு சுலபமா இருக்கு!

டாக்டருக்கு என்ன கஷ்டம்?

கட்டின்னு சொன்னதும் நம்ம மனசுல வர்றது ஒரு உருண்டை. பலாச்சுளைக்குள்ள கொட்டை மாதிரி, கீறி எடுத்தா முழுசா வந்துடும்னு ஒரு நினைப்பு. சில கட்டி அப்படியும் இருக்கு. ஆனா நிறைய புற்றுக்கட்டி மை சொட்டின காகிதம் மாதிரி. நடுவுல மை இருக்குன்னு குழந்தை கூட சொல்லிடும். ஓரத்துக்குப் போகப் போகத்தான் தகராறு. எது மை, எது காகிதம்?

எம்ஆர்ஐ படத்துல ஓரம் ஓரளவு தெரியும். ஆனா அந்தப் படம் ஆபரேஷனுக்கு முன்னாடி எடுத்தது. மண்டை ஓட்டைத் திறந்து உள்ள இருக்கற நீர் கொஞ்சம் வடிஞ்சதும் மூளை இடம் நகர்ந்துடும். படத்துல இருந்த இடம் ஒண்ணு, நேர்ல இருக்கற இடம் ஒண்ணு. வெள்ளை வெளிச்சத்துல பாத்தா கட்டியோட ஓரமும் பக்கத்து மூளையும் கிட்டத்தட்ட ஒரே நிறம். அனுபவசாலி டாக்டர்கள் தொட்டுப் பாத்து, கொழகொழப்பை வெச்சு முடிவு பண்றதும் உண்டு.

மார்புல கட்டின்னா சுத்தி இருக்கற சதையையும் கொஞ்சம் சேர்த்து எடுப்பாங்க. எடுத்ததை நோய்க்குறி லேபுக்கு அனுப்பி, வெட்டின ஓரத்துல புற்றுச் செல் இருக்கான்னு பாப்பாங்க. மார்ஜின் கிளியர்னு ரிப்போர்ட் வந்தா நிம்மதி. வரலைன்னா திரும்பவும் தியேட்டர், திரும்பவும் மயக்க மருந்து, திரும்பவும் பில். மூளையில அந்த "கொஞ்சம் சேர்த்து" எடுக்கறதுக்கே இடம் கிடையாது. ஒரு சென்டிமீட்டர் தள்ளி பேச்சு இருக்கலாம், கை அசைவு இருக்கலாம்.

ஆக, ஓரத்தை அந்த நிமிஷமே கண்ணால பாக்க வழி இருந்தா? அங்கதான் சாயம் உள்ள வருது.

ஒளிர்றதுன்னா என்ன?

ரூபா நோட்டை நீலவிளக்குல காட்டினா நம்பரும் நூலும் பளிச்சுன்னு எரியும் இல்லையா, அதேதான். ஒரு நிற ஒளியை வாங்கி, வாங்கினதுல கொஞ்சத்தைத் தனக்கு எடுத்துக்கிட்டு, மிச்சத்தை வேற நிறத்துல திருப்பித் தர்றது. 1852ல ஸ்டோக்ஸ்ங்கற விஞ்ஞானி கொய்னாக் கரைசலை வெச்சு இதை விளக்கி, ஃப்ளூரசன்ஸ்னு பேரும் வெச்சார். நம்ம தாத்தா காலத்துல மலேரியாவுக்குக் குடுத்த அதே கொய்னாதான்.

1871ல ஜெர்மனில அடால்ஃப் ஃபான் பேயர் ஃப்ளூரசின்னு ஒரு சாயத்தைத் தயாரிச்சார். இன்னைக்கும் கண் டாக்டர் சர்க்கரை நோயாளிக்குக் கையில ஊசி போட்டு விழித்திரையைப் படம் எடுக்கறாரே, அந்த மஞ்சள் மருந்து இதுதான். 1948ல அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல ஜார்ஜ் மூர்ங்கற அறுவை மருத்துவர், மூளைக்கட்டியைக் கண்டுபிடிக்க இதையே பயன்படுத்தினதைப் பத்தி எழுதியிருக்கார். அதாவது, வாட்ஸப்ல "புத்தம் புது கண்டுபிடிப்பு"ன்னு வர்ற யோசனைக்கு வயசு எழுபத்தஞ்சுக்கு மேல :)

அப்புறம் ஏன் இவ்வளவு காலம் ஆச்சு? உயிருள்ள திசு அவ்வளவு லேசுல வழி விடாது.

ராத்திரி விளக்கை அணைச்சுட்டு மொபைல் டார்ச்சை விரல்ல அழுத்திப் பிடிச்சுப் பாருங்க. விரல் சிவப்பாத் தெரியும். டார்ச்சுல எல்லா நிறமும் இருக்கு. நீலத்தையும் பச்சையையும் ரத்தம் குடிச்சுடுது. தப்பிச்சு வெளிய வர்றது சிவப்பு மட்டும். எங்க தொழிலோட மொத்தத் தலைவலியும் அந்த விரல்லயே இருக்கு. நீல வெளிச்சத்துல வேலை செய்யற சாயம்னா ஒரு மில்லிமீட்டர் ஆழம் தாண்டறதே கஷ்டம். மேலாப்புல ரத்தம் கொஞ்சம் கசிஞ்சா அதுவும் மறைஞ்சுடும். அதனாலதான் 700 நானோமீட்டருக்கு மேல, கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புக்குப் பக்கத்துல ஒளிர்ற சாயங்களைத் தேடறாங்க. அங்க ரத்தமும் தண்ணியும் ஒளியை அதிகம் குடிக்காது. மில்லிமீட்டர் கணக்கு கொஞ்சம் கூடும். ஆனா கண்ணால பாக்க முடியாது, தனி கேமரா வேணும்.

இன்னொரு தொல்லை, திசுவே தன் பங்குக்கு ஒளிரும். தோலுக்கு அடியில இருக்கற கொலாஜன் நீல வெளிச்சத்துல மினுங்கும். இதுல ஒரு வேடிக்கை சொல்றேன். எலியில சாயத்தைச் சோதிக்கும்போது, எலியோட தீவனத்துல தழைப்புல் கலந்திருந்தா, அந்தப் பச்சையம் வயித்துக்குள்ள இருந்து சிவப்பா ஒளிரும். புற்றுக்கட்டி மின்னுதுன்னு குதிச்சா, அது எலி சாப்பிட்ட சாப்பாடா இருக்கும். அதுக்காகவே புல் கலக்காத தீவனம் தனியா வாங்கிப் போடறது வழக்கம்.

அதனால கண்ணாடிக் குப்பியில ஒரு சாயம் தகதகன்னு மின்னறதைப் பாத்து எங்க லேப்ல யாரும் லட்டு குடுக்கறதில்லை. ரத்த சீரத்துல போட்டதும் பாதிக்கு மேல மங்கிப் போன மூலக்கூறுகளை நானே எத்தனையோ செஞ்சிருக்கேன்.

அந்த வீடியோவுல வந்த மருந்து

அது பேரு 5-ஏஎல்ஏ. முழுப் பேரு அமினோலெவுலினிக் அமிலம். இதுல அழகு என்னன்னா, குடிக்கற மருந்து சாயமே இல்லை. சாயத்துக்கான மூலப்பொருள்.

நம்ம உடம்புல கிட்டத்தட்ட எல்லாச் செல்லும் ஹீம்ங்கற பொருளைச் செய்யுது. ரத்தத்துக்குச் சிவப்பு குடுக்கறது அதுதான். அதைச் செய்யற வரிசையில 5-ஏஎல்ஏ ஆரம்பக் கட்டச் சரக்கு. கடைசிக்கு முந்தின கட்டத்துல புரோட்டோபார்ஃபைரின்னு ஒண்ணு வரும். அதுக்குள்ள ஒரு இரும்பு அணுவை உக்கார வெச்சா ஹீம் ரெடி. இரும்பு உக்காந்துட்டா ஒளிராது. உக்காராத வரைக்கும் நீல வெளிச்சத்துல சிவப்பா ஒளிரும். வீரியமான மூளைக்கட்டிச் செல்கள்ல அந்த இரும்பு வைக்கற வேலை மந்தமா நடக்குது, மூலப்பொருளும் அதிகமா உள்ள போகுது. விளைவு, புரோட்டோபார்ஃபைரின் தேங்கி நிக்கும். பக்கத்துல இருக்கற நல்ல மூளையில அவ்வளவா தேங்காது.

எடைக்கு ஏத்தபடி, கிலோவுக்கு 20 மில்லிகிராம் கணக்குல தண்ணில கரைச்சு, மயக்க மருந்துக்கு ஏறக்குறைய மூணு மணி நேரம் முன்னாடி குடிக்கக் குடுப்பாங்க. அப்புறம் குறைஞ்சது 24 மணி நேரம் வெயில்லயும் பலமான விளக்குலயும் காட்டக் கூடாது. இதே பொருள் தோல்லயும் கொஞ்சம் சேர்ந்திருக்கும், வெந்து போகும்.

வேலை செய்யுதா? செய்யுது. ஜெர்மனில வால்ட்டர் ஸ்டும்மர் தலைமையில நடந்த ஆய்வு 2006ல வெளியாச்சு. வீரியமான மூளைக்கட்டி இருக்கற 270 பேர். பாதிப் பேருக்கு 5-ஏஎல்ஏ குடுத்து நீல வெளிச்சத்துல ஆபரேஷன், மீதிப் பேருக்கு வழக்கமான வெள்ளை வெளிச்சம். ஸ்கேன்ல தெரியற கட்டி முழுசும் எடுபட்டது வெள்ளை வெளிச்சத்துல 36 சதவீதம் பேருக்கு, நீல வெளிச்சத்துல 65 சதவீதம் பேருக்கு. ஆறு மாசம் கட்டி திரும்ப வளராம இருந்தவங்க 21 சதவீதம், 41 சதவீதம். ஏறக்குறைய ரெட்டிப்பு. 2007ல ஐரோப்பாவுலயும் 2017ல அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்சுது.

வாட்ஸப்காரங்க இதோட நிறுத்திடுவாங்க. அதே ஆய்வுல இன்னொரு வரியும் இருக்கு. மொத்தம் எவ்வளவு காலம் உயிரோட இருந்தாங்கங்கற கணக்குல ரெண்டு குழுவுக்கும் நடுவுல பெரிய வித்தியாசம் தென்படல. வெளிச்சம் கட்டியைக் காட்டுச்சு, டாக்டர் கூடுதலா எடுத்தார், வியாதி திரும்பறது தள்ளிப் போச்சு. வியாதி போயிடல. ரெண்டு வரியையும் சேர்த்துப் படிச்சாத்தான் அது செய்தி.

எங்க சித்தப்பா

சித்தப்பாவுக்கு சிவகாசியில சின்னதா ஒரு ஆஃப்செட் அச்சகம். காலண்டர், நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. வாய் ஓயாத மனுஷன். 2022 ஆகஸ்ட்ல திடீர்னு சாமான் பேரு மாறிப் போக ஆரம்பிச்சுது. சாவியைக் கேக்க நினைச்சு பேனாங்கறார். அவருக்கே தெரியுது தப்புன்னு, ஆனா சரியான வார்த்தை வரல. மொதல்ல எல்லாரும் கேலி பண்ணாங்க. பத்து நாள்ல வலது கை விரலும் மரத்துப் போச்சு. மதுரைல எம்ஆர்ஐ எடுத்தாங்க. இடது பக்கம், பேச்சு இருக்கற இடத்தை ஒட்டி கட்டி. பாத்தாலே வீரியமான ரகம்னு சொல்லிட்டாங்க.

தம்பி (சித்தப்பா மகன்) எங்கயோ அந்த சிவப்பு வீடியோவைப் பாத்துட்டு டாக்டர்கிட்ட கேட்டிருக்கான். டாக்டர் பொறுமையா சொல்லியிருக்கார்: "அந்த மருந்தை வெளிநாட்டுல இருந்து வரவழைக்கணும், உங்களுக்குச் செலவு தாங்காது. நாங்க ஃப்ளூரசின் போடறோம். அதுவும் உதவும்." தம்பி உடனே எனக்குப் போன். "அக்கா, மட்டமான சாயத்தை வெச்சு ஏமாத்தறாங்களா?"

இல்லைடான்னு சொன்னேன். ரெண்டுக்கும் வேலை செய்யற விதம் வேற. மூளைக்குள்ள ரத்தக்குழாய்களுக்கு ஒரு காவல் இருக்கு, கண்டதையும் உள்ள விடாது. வீரியமான கட்டி வளர்ற இடத்துல அந்தக் காவல் உடைஞ்சு கிடக்கும். ஃப்ளூரசின் அந்த ஓட்டை வழியா கசிஞ்சு கட்டிக்குள்ள தேங்கும். மைக்ரோஸ்கோப்புல மஞ்சள் ஃபில்டர் போட்டுப் பாத்தா கட்டி மஞ்சளாத் தெரியும். குறை என்னன்னா, அது புற்றுச் செல்லை அடையாளம் கண்டு போய் நிக்கறதில்லை. எங்க காவல் உடைஞ்சிருக்கோ அங்க கசியும், வீக்கம் இருக்கற இடத்துலயும் கொஞ்சம் கசியும். விலை ரொம்பக் கம்மி. பல வருஷமா கண் ஆஸ்பத்திரிகள்ல புழங்கற மருந்து. நம்ம நாட்டுல பல டாக்டர்கள் அதை வெச்சு நல்லா வேலை செய்யறாங்க.

செப்டம்பர்ல ஆபரேஷன். பேச்சுப் பக்கம்ங்கறதால பாதியில முழிக்க வெச்சு செஞ்சாங்க. (மூளைக்கு வலி தெரியாது, தோலுக்கு மட்டும் மரப்பு ஊசி.) டாக்டர் மூளை மேல மெல்லிசா கரன்ட் வெச்சு தொடத் தொட, பக்கத்துல ஒருத்தர் படம் காட்டிக்கிட்டே இருப்பாங்க. சைக்கிள், குடை, ஆடு. எந்த இடத்துல தொட்டா சொல்றது நிக்குதோ, அந்த இடத்துல கத்தி வைக்கக் கூடாது.

ஆபரேஷன் முடிஞ்ச மறுநாள் சிறுநீர் பளபளன்னு மஞ்சப் பச்சையா போனதைப் பாத்து தம்பி மஞ்சக்காமாலைன்னு பயந்துட்டான். சாயம் வெளிய போகுது, ஒரு நாள்ல சரியாயிடும்னு நர்ஸம்மா சொன்னதும்தான் மூச்சு வந்துச்சு.

மூணாவது நாள் டாக்டர் ரெக்கார்ட் பண்ணின வீடியோவைத் தம்பிக்குக் காட்டியிருக்கார். கட்டியில பெரும்பகுதி போயிடுச்சு. கடைசிப் படத்துல குழியோட பின் சுவர்ல சுண்டுவிரல் நகம் அளவு மஞ்சள் இன்னும் ஒளிருது. "இங்க தொட்டதும் பேச்சு நின்னுடுச்சு. அதனால நிறுத்திட்டேன்"னிருக்கார்.

இதைக் கேட்ட சித்தி அன்னைக்கு ராத்திரி எனக்குப் போன் பண்ணாங்க. அழுகையும் கோபமும் சேர்ந்து வருது. "ஏம்மா, வெளிச்சம் போட்டுப் பாத்தாங்க. இருக்குன்னு தெரியுது. தெரிஞ்சே விட்டுட்டு வந்திருக்காங்களே? அப்புறம் எதுக்கு அந்த வெளிச்சம்?"

அந்தக் கேள்விக்கு லேப்ல பதில் கிடையாது. எனக்குத் தெரிஞ்ச வேதியியல் எல்லாம் கட்டியைக் காட்டறதோட சரி. அதை எடுக்கலாமா கூடாதான்னு எந்த மூலக்கூறும் சொல்லாது. "சித்தி, அந்த நக அளவை எடுத்திருந்தா சித்தப்பா உங்களை எப்படிக் கூப்பிடுவார்?"னு மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசல. வெச்சுட்டாங்க.

தம்பி அப்புறம் ஒரு விஷயம் சொன்னான். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ராத்திரி டாக்டர் சித்தப்பாகிட்ட நேரடியாவே கேட்டிருக்கார். முழுசா எடுக்கப் பாத்தா பேச்சு போக வாய்ப்பு இருக்கு, பேச்சைக் காப்பாத்தப் பாத்தா கொஞ்சம் மிச்சம் வைக்க வேண்டி வரலாம், உங்களுக்கு எது முக்கியம்னு. சித்தப்பா திக்கித் திக்கி, நடுவுல ரெண்டு தப்பு வார்த்தை சொல்லி, கடைசியா "பேசணும்"னிருக்கார். "நான் பக்கத்துலதான் இருந்தேன் அக்கா. அம்மாகிட்ட சொல்ல தைரியம் வரல." ஒரு வாரம் கழிச்சு சித்தப்பாவே சித்திகிட்ட சொன்னாராம்.

பயாப்சி பயந்த மாதிரியே வந்துச்சு. ஆறு வாரம் ரேடியேஷன், கூடவே டெமோசோலமைடு மாத்திரை. அதுக்கப்புறம் சித்தப்பா அச்சகத்துக்குப் போனார். 2023 காலண்டர் சீசன்ல கட்டில்ல சாஞ்சுக்கிட்டே போன்ல புரூஃப் சரிபார்த்து, ஃபோர்மேனைத் திட்டினதைக் கேட்டிருக்கேன். வார்த்தை அப்பப்ப மாறும். திட்டு மட்டும் மாறல. 2024 பிப்ரவரில போயிட்டார். பதினேழு மாசம். கடைசி ரெண்டு வாரம் தவிர மத்த நாளெல்லாம் பேசிக்கிட்டுதான் இருந்தார்.

முழுசா எடுத்திருந்தா இன்னும் எத்தனை மாசம் இருந்திருப்பார்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒளிராத இடத்துலயும் அந்த ரகக் கட்டியோட செல்கள் தூரமா ஊடுருவி இருக்கும்ங்கறது தெரிஞ்ச விஷயம். சாயம் தெரியணும்னா ஓரளவு செல்கள் கூட்டமா இருக்கணும். ஒண்ணு ரெண்டா சிதறி இருக்கறதை இன்னைக்கு இருக்கற எந்தச் சாயமும் மைக்ரோஸ்கோப்புல காட்டறதில்லை. ஒளிருதுன்னா அங்க கட்டி இருக்க நல்ல வாய்ப்பு. ஒளிரலைன்னா சுத்தம்னு அர்த்தம் இல்லை.

இப்ப எங்க வந்திருக்கோம்?

மூளைக்கு வெளிய நிலைமை இன்னும் கொஞ்சம் நம்பிக்கையா இருக்கு.

ஃபோலிக் ஆசிட் மாத்திரை நம்ம வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். சினைப்பைப் புற்றுநோய்ல பெரும்பாலான கட்டிகளோட செல் மேல, ஃபோலிக் ஆசிடைப் பிடிக்கற பூட்டு ஏராளமா இருக்கும். சாயத்தை ஃபோலிக் ஆசிடோட ஒட்டி அனுப்பினா சாவி மாதிரி போய் மாட்டிக்கும். பர்டியூ பல்கலைக்கழகத்துல ஃபிலிப் லோ இந்த வழியில பல வருஷம் உழைச்சார். 2011ல மனிதர்கள்ல முதல் முயற்சி வெளியாச்சு. அந்த வழியில வந்த பாஃபோலாசயனைன்ங்கற அகச்சிவப்புச் சாயத்துக்கு அமெரிக்காவுல 2021ல சினைப்பைப் புற்றுக்கும், 2022ல நுரையீரலுக்கும் அனுமதி.

எனக்கு ரொம்பப் பிடிச்சது பூட்டிப் போட்ட சாயம். வழியில ஒளிரவே ஒளிராது. புற்றுச் செல்கள் அதிகமா வெச்சிருக்கற ஒரு என்சைம் வந்து வெட்டினாத்தான் விழிக்கும். 2011ல டோக்கியோ பல்கலைக்கழகத்தோட உரானோவும், அமெரிக்காவுல கோபயாஷியும் சேர்ந்து எலியோட வயித்துக் கட்டி மேல ஸ்ப்ரே அடிச்சு, சில நிமிஷத்துல ஒளிர வெச்சுக் காட்டினாங்க. இதே தத்துவத்துல வேலை செய்யற பெகுலிசயனைன்னு ஒரு மருந்துக்கு 2024 ஏப்ரல்ல அமெரிக்காவுல அனுமதி கிடைச்சுது. மார்புக்கட்டியை எடுத்ததும், அந்தக் குழிக்குள்ளயே மிச்சம் இருக்கான்னு கேமரா வெச்சுப் பாக்கலாம். சிலருக்குக் கடுமையான ஒவ்வாமை வரலாம்ங்கற எச்சரிக்கையோடதான் அனுமதி குடுத்திருக்காங்க.

சித்தப்பா விஷயத்துக்கு அப்புறம் என் மனசுல நிக்கறது வேற ஒரு ஆராய்ச்சி. ஜெல்லிமீனோட ஒளிரும் புரதத்துக்காக 2008ல நோபல் வாங்கின மூணு பேர்ல ஒருத்தர் ரோஜர் சியன். சான் டியாகோவுல அவரும் க்வியென் நுயென்ங்கற பெண் அறுவை மருத்துவரும் சேர்ந்து, 2011ல எலிகள்ல நரம்பை ஒளிர வைக்கற சாயத்தைக் காட்டினாங்க. மத்தவங்க எதை வெட்டணும்னு தேடிட்டு இருக்கும்போது, எதை வெட்டக் கூடாதுன்னு காட்டற சாயம். முக நரம்பு, கழுத்து நரம்பு மாதிரி இடத்துக்கு அது உதவும். மூளைக்குள்ள பேச்சு இருக்கற இடத்தை ஒளிர வைக்க இன்னும் சாயம் இல்லை. அங்க இப்பவும் சைக்கிள், குடை, ஆடுதான்.

உங்க வீட்டுல யாருக்காவது வந்தா

நம்மளை மாதிரி வெளியூர்ல இருக்கறவங்ககிட்டதான் ஊர்ல இருந்து போன் வரும். "படிச்சவங்க நீங்க, என்ன கேக்கணும் சொல்லுங்க"ம்பாங்க. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

1. வெளிச்சம் கட்டியைக் காட்டத்தான், கொல்ல இல்லை. ரேடியேஷன் வேற, இது வேற. உடம்பு பூரா அடிச்சுப் பாக்கற ஸ்கேனும் இல்லை. திறந்த இடத்துல, மேலாப்புல மட்டும்தான் தெரியும்.

2. எந்தச் சாயம் போடப் போறாங்கன்னு கேளுங்க. விலை கம்மியான சாயம்னா மட்டமான ஆபரேஷன்னு முடிவு கட்டாதீங்க. எல்லாக் கட்டியும் ஒளிராது. வீரியம் குறைஞ்ச மூளைக்கட்டிகள் நிறைய ஒளிரவே ஒளிராது. உங்க கட்டிக்கு உதவுமான்னு கேளுங்க.

3. பழைய ஒவ்வாமை எதுவா இருந்தாலும் சொல்லிடுங்க. கண் பரிசோதனையில மஞ்சள் ஊசி போட்டு வாந்தி, தடிப்பு வந்திருந்தா கண்டிப்பா சொல்லணும். இண்டோசயனைன் பச்சைன்னு ஒரு சாயம் இருக்கு, அதுல அயோடின் கலந்திருக்கும். போர்ஃபைரியா வியாதி இருக்கறவங்களுக்கு 5-ஏஎல்ஏ ஆகாது.

4. ஒளிர்ற இடம் முழுசையும் எடுக்க முடியலைன்னா எங்க நிறுத்துவீங்க, ஏன்? இதை ஆபரேஷனுக்கு முன்னாடியே கேளுங்க. டாக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்காம போகாது.

5. நாலாவது கேள்விக்கான பதிலைப் படுத்திருக்கறவர்கிட்டயும் கேளுங்க. அவருக்குப் பேச்சு பெருசா, கை பெருசா, இன்னும் ஆறு மாசம் பெருசா? "அவருக்கு எதுக்கு இதெல்லாம், பயந்துடுவார்"னு நாம மூடி மறைக்கறதுதான் வழக்கம். சித்தப்பாகிட்ட கேட்டாங்க. அவர் சொன்னார். அதுக்குக் கட்டுப்பட்டு அந்த டாக்டர் கையை எடுத்தார்.

முடிஞ்சா அந்தப் பேச்சு நடக்கும்போது வீட்டுல ரெண்டு பேராவது கூட இருங்க. அதுல ஒருத்தர் மனைவியா இருக்கட்டும்.